‘பணக்கார வருத்தம்’: இருதய நோய்ப் பரிசோதனையின் சமூக வரலாறு பற்றிய சில குறிப்புகள்

இருதய நோய் உட்கார்ந்து உண்போரின் நோய் என்னும் கருத்து எம்மிடையே ஆழ வேரூன்றியுள்ளது. அதனைப் ‘பணக்கார வருத்தம்’ என்று சொல்வாரை நாம் கேட்டிருக்கின்றோம். வயலிலும் தோட்டத்திலும் கடலிலும் உடலை வருத்துபவனை அது அணுகாது என்ற நம்பிக்கை படித்தவரிடையேயும் உண்டு. இக்கருத்து வெறும் அறியாமையின் விளைவு என்று ஒதுக்கிவிடத்தக்கதன்று. ஏறத்தாழ ஒன்றரை நூற்றாண்டுக் காலம் மருத்துவ விஞ்ஞானமே அதற்கு ஆதாரம் வழங்கி வந்தது. அக்கருத்து எவ்வாறு தோன்றியது, எவ்வாறு தகர்ந்தது, நோய் வெளிப்படுமுன் அதனை அறிதற்கான பரிசோதனை யாருக்காகத் தோன்றி யாரைச் சென்றடைந்தது என்பனவற்றை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். மருத்துவத் துறையினருக்குரிய விடயத்தில் நாம் தலையிடுவதாகச் சிலர் கருதக்கூடும். எனினும் நோயின் வரலாறு உடலின் வரலாறு மட்டுமன்று, சமுதாயத்தின் வரலாறுமாகும்.

நெஞ்சுவலி நோயை வரையறுத்துக் கூறியவருள் முதன்மையானவர் ஆங்கில வைத்தியரான வில்லியம் ஹெபர்டன். 1768ஆம் ஆண்டில் இலண்டன் வைத்தியர் கல்லூரியில் அவர் நிகழ்த்திய உரையே இத்துறையின் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. ஹெபர்டன் வசதி படைத்தோருக்கு வைத்தியம் பார்த்தவர். ஏறத்தாழ ஒரு நூற்றாண்டு கழித்துத் தம் பணியைத் தொடங்கிய வில்லியம் ஒஸ்லரும் இந்நோயைப் பற்றி விரிவாக எழுதினார். இலவச வைத்தியசாலை விடுதிகளிலே தாம் இதனை அரிதாகவே கண்டதாகவும், தனிப்பட்ட முறையில் தம்மை நாடி வந்தோரிடையே மிகுதியாகக் கண்டதாகவும் அவர் குறிப்பிட்டார். அவரிடம் வந்த நோயாளருட் கணிசமானோர் வைத்தியர்களே. ஓயாது உழைக்கும் மூளையும் உயர்ந்த இலட்சியமும் உடைய மனிதனையே இந்நோய் தேர்ந்தெடுக்கின்றது என்ற சித்திரம் இவ்வாறு உருவாயிற்று.

இங்கு எழும் வினா எளிமையானது. ஒஸ்லர் கண்டது நோயின் பரம்பலையா அல்லது வைத்தியரின் பரம்பலையா? படியேறும்போது நெஞ்சு இறுகுகின்றது என்று சொல்லி ஒரு பேராசிரியரை அழைத்துக் காட்டும் வசதி துறைமுகத் தொழிலாளிக்கு இருக்கவில்லை. அவன் வேலைத்தலத்திலே விழுந்து இறந்தான். அவனது மரணத்திற்கு மூப்பு என்றோ திடீர் மரணம் என்றோ ஒரு பெயர் இடப்பட்டது. முடியுரு நாடியில் ஏற்படும் அடைப்பு உடனடி மரணத்தையே தரும் என்று கருதப்பட்டு வந்த நிலையில், நோயாளி உயிரோடிருக்கும்போதே அதனை இனங்காண முடியும் என்று சிக்காகோ நகர வைத்தியரான ஜேம்ஸ் ஹெறிக் எழுதியது 1912ஆம் ஆண்டிலாகும். ஐந்தோவன் அமைத்த மின்னிதயவரைபி அதற்குச் சில ஆண்டுகள் முன்னரே தோன்றியிருந்தும், பொது வைத்தியசாலைகளை அது வந்தடையப் பல ஆண்டுகள் சென்றன. கருவி எங்கிருந்ததோ அங்கே நோயும் இருப்பதாகத் தோன்றிற்று.

நோயுற்றவனை வைத்தியன் பார்ப்பது பழைமையான வழக்கம். நோயற்றவனாகத் தன்னை எண்ணுபவனை அழைத்து, அவனது கையைச் சுற்றிப் பட்டி கட்டி, வருங்கால மரணத்தை அளக்க முயல்வது புதிய வழக்கம். இவ்வழக்கத்தின் தொடக்கத்தை நாம் வைத்தியசாலையிலன்றிக் காப்புறுதிக் கம்பனியின் அலுவலகத்திலேயே தேட வேண்டியுள்ளது. இத்தாலியரான றிவா-றொச்சி 1896இல் குருதியமுக்கமானியை அமைத்தார். ருஷிய இராணுவ வைத்தியரான கொறொற்கொவ் 1905இல் நாடியின் ஒலியைக் கேட்டு அமுக்கத்தை அளக்கும் முறையைக் கண்டறிந்தார். அதனையடுத்து மிகக் குறுகிய காலத்திலேயே அமெரிக்காவின் நோத்வெஸ்ரேண் மியூச்சுவல் போன்ற ஆயுட் காப்புறுதிக் கம்பனிகள் விண்ணப்பதாரரின் குருதியமுக்கத்தை அளக்கலாயின. உயர் குருதியமுக்கத்திற்குத் தக்க மருந்து எதுவும் அன்று இல்லை. மருந்து கம்பனிக்குத் தேவைப்படவுமில்லை. எவன் முந்தி இறப்பான் என்பதை அறிந்து அவனுக்குக் கட்டணத்தை உயர்த்துவது அல்லது அவனை நிராகரிப்பது என்பதே அதன் தேவை. அமெரிக்கக் காப்புறுதிக் கணிப்பாளர் சங்கம் 1959இல் வெளியிட்ட, ஏறத்தாழ 50 இலட்சம் காப்புறுதிதாரரின் உடல் நிறையும் குருதியமுக்கமும் பற்றிய ஆய்வு இவ்வழியில் வந்த பெருநூலாகும்.

இப்பேரேடுகள் விஞ்ஞானத்திற்குச் செய்த உதவியை நாம் குறைத்து மதிப்பிடவில்லை. அமுக்கம் உயர உயர ஆயுள் குறைகின்றது என்ற உண்மையை, வைத்தியப் பேராசிரியர் பலர் ஐயுற்றிருந்த காலத்திலேயே, இலாபத்தைக் கணக்கிட்ட கணிப்பாளர் தெளிவாகக் கண்டனர். நாடிகள் இறுகிய முதியவருக்கு உயர்ந்த அமுக்கம் இயற்கை செய்த ஓர் ஈடு. அதனைக் குறைத்தல் கேடு என்று அன்றைய பாடநூல்கள் போதித்தன. ஆனால் அப்பேரேட்டில் இடம்பெற்றவர்கள் பெரும்பாலும் பாலிசி வாங்கவல்லவர்களே. வாங்க இயலாதவனின் அமுக்கம் எவராலும் அளக்கப்படவில்லை.

அளந்தும் பயனில்லாமற் போன வரலாற்றுக்கு உலகறிந்த உதாரணம் அமெரிக்க சனாதிபதி பிராங்ளின் ரூஸ்வெல்ற். 1944 மார்ச்சில் இளம் இருதய வைத்தியரான ஹவாட் புறூண் அவரைப் பரிசோதித்தபோது குருதியமுக்கம் 186/108 ஆகவிருந்தது. இருதயம் வீங்கித் தளர்ந்திருந்தது. ரூஸ்வெல்றின் தனி வைத்தியரோ காது, மூக்கு, தொண்டை நோய்களில் வல்லுநர். சனாதிபதி நலமாக உள்ளார் என்றே மக்களுக்குச் சொல்லப்பட்டது. அவ்வாண்டு நவம்பரில் அவர் நான்காம் முறையும் தேர்ந்தெடுக்கப்பட்டார். 1945 பெப்ரவரியில் யால்ற்றா மாநாட்டில் ஸ்ராலினுடனும் சேர்ச்சிலுடனும் உலகைப் பங்கிட்டுப் பேசினார். ஏப்பிரல் 12ஆம் திகதி மூளையிற் குருதிக்குழாய் வெடித்து இறந்தார். அன்று அளக்கப்பட்ட அமுக்கம் 300/190. புறூண் இவ்விவரங்களை 1970ஆம் ஆண்டிலேயே வெளியிட்டார். அன்று அவர் கொடுக்கக் கூடியனவாக இருந்தவை டிஜிற்றாலிசும், உப்புக் குறைத்த உணவும், ஓய்வும், குறைவாகப் புகைக்குமாறு கூறும் அறிவுரையும் மட்டுமே. உலகின் மிகப் பலம்வாய்ந்த அரசின் தலைவனுக்கும் அக்கால மருத்துவத்தால் அதற்கு மேல் எதுவும் செய்ய இயலவில்லை.

ரூஸ்வெல்றின் பின் பதவியேற்ற ட்றூமன் 1948 யூனில் தேசிய இருதயச் சட்டத்திற்கு ஒப்பமிட்டார். அவ்வாண்டிலேயே மசச்சூசெற்ஸ் மாநிலத்தின் பிறேமிங்காம் என்னும் சிறு நகரில், இன்றுவரை தொடரும் புகழ்பெற்ற ஆய்வு தொடங்கிற்று. இந்நகர் தேர்ந்தெடுக்கப்பட்டமைக்கு ஒரு முன்வரலாறும் உண்டு. 1917 தொடக்கம் சில ஆண்டுகள் இந்நகரத்து மக்கள் காசநோய் ஒழிப்பு முயற்சியொன்றிற்காகப் பரிசோதிக்கப்பட்டிருந்தனர். அம்முயற்சிக்குப் பணம் வழங்கியதும் ஒரு காப்புறுதிக் கம்பனியே. நாம் முன்னர்க் கூறிய தொடர்பு இங்கும் வெளிப்படுவது மனங்கொள்ளத்தக்கது.

பிறேமிங்காமில் 5,209 ஆண்களும் பெண்களும் சேர்க்கப்பட்டு, ஈராண்டுக்கொருமுறை பரிசோதிக்கப்பட்டனர். பெண்களைச் சேர்த்தமை அக்காலத்து ஆய்வுகளிற் பெரிதும் காணப்படாத பண்பாகும். 1961ஆம் ஆண்டில் வில்லியம் கனெலும் தோமஸ் டோபரும் பிறரும் ஆறாண்டுகாலப் பெறுபேறுகளை வெளியிட்டனர். உயர் குருதியமுக்கம், குருதியில் மிகுந்த கொலஸ்திரோல், இடது இதயவறை தடித்தமையைக் காட்டும் மின்னிதயவரையம் ஆகியன நோய்க்கு முன்னோடிகள் என அக்கட்டுரை நிறுவியது. இன்று எங்கும் வழங்கும் ‘ஆபத்துக் காரணி’ என்னும் எண்ணக்கரு மருத்துவத்தில் நிலைபெற்றமைக்கு இக்கட்டுரையே பெருங் காரணமாகும். புகைத்தலின் பங்கும் அடுத்து வந்த ஆண்டுகளில் உறுதியாயிற்று. நோய் என்பது ஒருநாள் வந்து தாக்கும் விபத்தன்று. பல்லாண்டுகள் உடலில் மறைந்து வளரும் ஒரு செயன்முறை என்பது இவற்றால் விளங்கிற்று. மறைந்து வளர்வதாயின் முற்கூட்டியே தேடலாம் என்பது அதன் தருக்கரீதியான முடிபு.

எனினும் பிறேமிங்காம் ஆய்வின் அமைப்பிலே ஒரு சிறு புள்ளிவிபரம் எம் கவனத்தை ஈர்க்கின்றது. ஆய்வாளர் முதலில் நகர மக்களிலிருந்து முறைப்படி தெரிந்தெடுத்தவர்கள் 6,507 பேர். அவர்களுள் வந்தவர்கள் 4,469 பேரே. குறையை ஈடுசெய்யும் பொருட்டு, தாமாகவே முன்வந்த 740 பேர் சேர்த்துக்கொள்ளப்பட்டனர். வராத ஈராயிரத்துச் சொச்சம் பேர் யாவர்? எத்தொழில் புரிந்தோர்? இவ்வினா முற்கூட்டிய பரிசோதனையின் வரலாறு முழுவதிலும் நிழல்போல் தொடர்ந்து வருகின்றது.

அறிதலுக்கும் மாற்றுதலுக்கும் இடையிலிருந்த பள்ளத்தை நிரப்பியது 1967ஆம் ஆண்டில் வெளியான ஒரு பரீட்சார்த்தம். அமெரிக்க முன்னாட் படைவீரர் வைத்தியசாலைகளில் எட்வேட் பிறீஸ் தலைமையில் அது நடைபெற்றது. கடுமையான உயர் குருதியமுக்கமுடைய 143 ஆண்களுள் ஒரு பகுதியினருக்கு மருந்தும் மறுபகுதியினருக்கு வெறுங் குளிகையும் கொடுக்கப்பட்டன. வெறுங் குளிகை பெற்றோரிடையே கடும் பாதிப்புக்கள் 27. மருந்து பெற்றோரிடையே 2. பயன்பட்ட மருந்துகளுள் ஒன்றான றெசேர்ப்பின், எமது பிராந்தியத்துச் சுதேச வைத்தியர் நெடுங்காலமாகக் கையாண்டு வந்த சர்ப்பகந்தா வேரிலிருந்து பெறப்பட்டது. குருதியமுக்கத்தில் அவ்வேரின் பயனைப் பம்பாய் வைத்தியர் ருஸ்தம் வக்கீல் 1949இல் ஒரு பிரித்தானிய ஏட்டில் எழுதியதையடுத்தே மேற்குலகம் அதனை ஆர்வத்துடன் நோக்கலாயிற்று. அது நிற்க. 1967க்குப் பின்னர், நோயறிகுறி எதுவுமற்ற ஒருவனின் அமுக்கத்தை அளப்பது அவனைக் காப்பதற்கான வழியாயிற்று. அளக்காது விடுவதற்கு அதன்பின் விஞ்ஞான நியாயம் இல்லை.

இனி, ‘பணக்கார வருத்தம்’ என்னும் கருத்துத் தகர்ந்த கதைக்கு வருவோம். அது பெரும்பாலும் பிரித்தானியாவில் நிகழ்ந்தது. அங்கு 1948இல் தேசிய சுகாதார சேவை தோன்றியிருந்தது. அவ்வாண்டிலேயே சமூக மருத்துவத்திற்கெனத் தனியானதோர் ஆய்வுப் பிரிவும் அமைக்கப்பட்டது. அதன் தலைவரான ஜெறி மொறிஸ் 1953இல் வெளியிட்ட ஆய்வு இலண்டன் போக்குவரத்துச் சேவையின் ஏறத்தாழ 31,000 ஊழியரைப் பற்றியது. இரட்டைத் தட்டு பஸ்களிலே நாள் முழுதும் இருக்கையில் அமர்ந்திருக்கும் சாரதியருக்கு மாரடைப்பு மிகுதி. நாள்தோறும் நூற்றுக்கணக்கான படிகளை ஏறியிறங்கும் நடத்துநருக்குக் குறைவு. தபால் விநியோகிப்போருக்கும் மேசையில் அமர்ந்திருக்கும் தபாற் கந்தோர் இலிகிதருக்கும் இடையிலும் இதே வேறுபாடு. உடலுழைப்பின் பயனை நிறுவியது என்றே இவ்வாய்வு பொதுவாகப் போற்றப்படுகின்றது. நாம் இங்கு வேறொன்றையும் காண்கின்றோம். சாரதியும் நடத்துநரும் ஒரே வர்க்கத்தவர். மாரடைப்பைத் தேடி ஒருவர் பஸ் டிப்போவுக்குச் சென்றதும் அங்கே அது ஏராளமாகக் கிடைத்தது.

மொறிஸ் தம் முடிபைத் தாமே ஐயுற்றவர் என்பது அவரது ஆராய்ச்சி நேர்மைக்குச் சான்று. சாரதியர் வேலைக்குச் சேரும்போதே வேறுபட்டவர்களாக இருந்திருக்கக் கூடுமன்றோ? இதனை அறிய அவரது குழு கம்பனியின் சீருடைப் பதிவுகளைப் புரட்டியது. காற்சட்டையின் இடுப்பளவிலே சாரதியர் இளவயதிலேயே நடத்துநரைவிடப் பருத்திருந்தமை தெரியவந்தது. 1956இல் அதனையும் மறைக்காது வெளியிட்டனர். தையற்காரனின் அளவுகோல் சமூக மருத்துவத்திற்கு ஆதாரமாயிற்று.

இவற்றினும் தீர்க்கமானது வைற்ஹோல் ஆய்வு. இலண்டன் நகரின் அரச அலுவலகங்களிற் பணியாற்றிய ஏறத்தாழ 18,000 ஆண்கள் 1967க்கும் 1970க்கும் இடையிற் பரிசோதிக்கப்பட்டனர். டொனால்ட் றீட், ஜெவ்றி றோஸ் ஆகியோர் தொடங்கிய இவ்வாய்வின் ஏழரை ஆண்டுகாலப் பெறுபேறுகளை 1978இல் மைக்கேல் மாமற், றோஸ் முதலியோர் வெளியிட்டனர். நிர்வாகிகளே மன அழுத்தத்தால் மாரடைப்புற்று மாய்கின்றனர் என்று செய்தித்தாள்கள் எழுதிவந்த காலம் அது. ஆய்வு கண்டதோ நேர்மாறு. நிர்வாகியரோடு ஒப்பிடுகையில், கோப்புக்களைச் சுமந்து திரியும் கடைநிலை ஊழியரிடையே இருதய நோய் மரணம் 3.6 மடங்காக இருந்தது. இடைப்பட்ட படிகளில் இருந்தோர் இடைப்பட்ட அளவிலே இறந்தனர். உத்தியோக ஏணியிற் படி இறங்க இறங்க மரணம் ஏறிற்று.

இவ்வூழியரில் எவரும் பட்டினி கிடந்தவரல்லர். சுரங்கப் புகையோ ஆலைத் தூசியோ அவர்கள் கண்டதில்லை. ஒரே கட்டடங்களில், நிரந்தர வேலையில், ஓய்வூதிய உரிமையுடன், இலவச மருத்துவம் உள்ள நாட்டில் வாழ்ந்தவர்கள். கீழ்ப்படியினர் அதிகம் புகைத்தனர். அவர்களது குருதியமுக்கம் உயர்ந்திருந்தது. ஓய்வு நேர உடற்பயிற்சி குறைந்திருந்தது. ஆனால் பிறேமிங்காம் தந்த ஆபத்துக் காரணிகள் எல்லாவற்றையும் கணக்கில் கழித்த பின்னரும் ஏற்றத்தாழ்வின் பெரும்பகுதி எஞ்சி நின்றது. அவ்வெச்சத்தை விளக்கும் பொருட்டு 1985இல் தொடங்கிய இரண்டாம் வைற்ஹோல் ஆய்விலே 10,308 ஆண்களும் பெண்களும் சேர்க்கப்பட்டனர். தன் வேலையின் வேகத்தையும் ஒழுங்கையும் தானே தீர்மானிக்க முடியாத நிலை இருதய நோயுடன் தொடர்புறுகின்றது என்று அது காட்டியது. உழைப்பாளி தன் உழைப்பிலிருந்து அந்நியப்படுதல் பற்றி நாம் தத்துவ நூல்களில் வாசித்தது, இங்கே மரணப் பதிவேட்டில் எண்ணாகப் பதிவாகியுள்ளது என்று கூறினால் அது மிகையாகாது. மாமற் இச்சொற்களைக் கையாளவில்லை, அவை எம்முடையன.

இத்தகைய ஆய்வுகள் ஏடுகளோடு நின்றுவிட, அதே காலத்தில் தென் வேல்ஸ் பள்ளத்தாக்கொன்றிலே ஒரு வைத்தியர் மிகச் சாதாரணமான ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். கிளின்கொறூக் என்பது ஏறத்தாழ 2,000 பேர் வாழ்ந்த நிலக்கரிச் சுரங்கக் கிராமம். காடிவ் நகரில் ஆர்ச்சி கொக்றேனின் ஆய்வுப் பிரிவில் பணியாற்றிய பின்னர், 1961இல் அக்கிராமத்துக்கு வைத்தியராகச் சென்றவர் ஜூலியன் ரியூடர் ஹாட். கம்யூனிஸ்ற் கட்சியின் வேட்பாளராகப் பாராளுமன்றத் தேர்தல்களிற் போட்டியிட்டுத் தோற்றவர். 1968 தொடக்கம் அவர் தமது கிராமத்தின் வளர்ந்தோர் அனைவரது குருதியமுக்கத்தையும் அளக்கத் தொடங்கினார்.

அவரது முறையை நாம் சற்று விரிவாக நோக்குதல் தகும். அவர் முகாம் நடத்தவில்லை. துண்டுப்பிரசுரம் ஒட்டி மக்களை வருமாறு அழைக்கவுமில்லை. காய்ச்சலுக்கு மருந்து கேட்டு வந்தவனுக்கும், வேலைக்கு வரமுடியாமைக்கு அத்தாட்சிப்பத்திரம் கேட்டு வந்தவனுக்கும், பிள்ளையைத் தூக்கிவந்த தாய்க்கும் அவர்கள் வந்த வேலையோடு அமுக்கமும் அளக்கப்பட்டது. ஒவ்வொருவரின் பதிவும் குறிக்கப்பட்டது. ஒரு பொதுவைத்தியரிடம் அவரது பொறுப்பிலுள்ள மக்கள் அனைவரதும் பெயர்ப்பட்டியல் உண்டு என்பது தேசிய சுகாதார சேவையின் ஒரு சிறப்பம்சம். ஆகவே வந்தவர் யார் என்பது மட்டுமன்றி, வராதவர் யார் என்பதும் அவருக்குத் தெரிந்தது. வராதவரைத் தேடிச் சென்றனர். கிராமத்தில் ஏறத்தாழ அனைவரும் அளக்கப்பட்டனர். இதன் விவரத்தை 1970இல் ‘லான்செற்’ ஏட்டில் அவர் எழுதினார். உலகில் முழுச் சமூகமொன்றின் குருதியமுக்கத்தை இவ்வாறு அளந்த முதற் பொதுவைத்தியர் எனப் பலர் அவரைக் குறிப்பிடுவர்.

அடுத்த ஆண்டு அதே ஏட்டில் அவர் எழுதிய கட்டுரையே புகழ்பெற்ற ‘தலைகீழ்ப் பராமரிப்பு விதி’. நல்ல மருத்துவப் பராமரிப்பு அது எங்கு மிகத் தேவைப்படுகின்றதோ அங்கு மிகக் குறைவாகக் கிடைக்கின்றது என்பதும், சந்தையின் கைக்கு மருத்துவம் எவ்வளவுக்கு விடப்படுகின்றதோ அவ்வளவுக்கு இவ்விதி முழுமையாகச் செயற்படுகின்றது என்பதும் அதன் சாரம். இதனைக் கோட்பாட்டு விருப்பினாற் பிறந்த கூற்று என்று ஒதுக்கியோரும் உளர். ஆனால் இருபத்தைந்து ஆண்டுகாலப் பணியின் கணக்கை அவரும் அவரது சகாக்களும் 1991இல் வெளியிட்டபோது, கிளின்கொறூக்கில் 65 வயதுக்கு முந்திய மரணம், இத்தகைய தேடுதல் இல்லாத அயற் கிராமத்தைவிடக் குறைந்திருந்தமை தெரியவந்தது. சுரங்கங்கள் மூடப்பட்டு வேலையின்மை பரவிய ஆண்டுகள் அவை என்பதையும் நினைவிற் கொள்ள வேண்டும்.

எனினும் முற்கூட்டிய பரிசோதனை எதுவாயினும் நன்மையே என்று கொள்வதற்கில்லை. உலக சுகாதார நிறுவனத்திற்காக வில்சன், யுங்னர் என்னும் இருவர் 1968இல் எழுதிய நூல் இதற்கு நிபந்தனைகளை வகுத்தது. தேடிக் கண்டபின் கொடுப்பதற்கு ஏற்றுக்கொள்ளப்பட்ட சிகிச்சை இருத்தல் வேண்டும். தேடுதல் ஒருமுறையோடு முடியாது தொடர்தல் வேண்டும். இந்நிபந்தனைகளை மறந்து, கருவியைக் காட்டிக் கட்டணம் அறவிடும் பரிசோதனைப் பொதிகள் இன்று எமது நகரங்களின் தனியார் நிலையங்களில் விளம்பரமாவதை நாம் காண்கின்றோம். காப்புறுதிக் கம்பனியின் பேரேடு புதிய அட்டையுடன் திரும்பி வந்துள்ளதோ என்று எண்ணத் தோன்றுகின்றது.

அரசே நடத்தினாலும் வெற்றி நிச்சயமன்று. டென்மார்க்கில் கொப்பன்ஹேகன் நகரின் புறப்பகுதிகளில் 59,616 பேரை உள்ளடக்கிய பரீட்சார்த்தமொன்றின் முடிபு 2014இல் வெளியாயிற்று. அவர்களுள் 11,629 பேர் பரிசோதனைக்கும் ஆலோசனைக்கும் அழைக்கப்பட்டனர். பத்தாண்டுகளின் பின்னர் அழைக்கப்பட்டோருக்கும் அழைக்கப்படாதோருக்கும் இடையே இருதய நோயில் வேறுபாடு காணப்படவில்லை. இதனைக் கொண்டு பரிசோதனையே வீண் என்பார் உளர். நாம் அவ்வாறு கருதவில்லை. அழைக்கப்பட்டோரில் ஏறத்தாழ அரைப்பங்கினரே வந்தனர் என்பதனை முதலிற் கவனித்தல் வேண்டும். அழைப்புக் கடிதம் அனுப்புவதும் ரியூடர் ஹாட் செய்ததும் ஒரே செயலல்ல.

இதற்கு மறுபக்கமும் உண்டு. பின்லாந்தின் கிழக்கெல்லையிலுள்ள வட கரேலியா மரம் வெட்டுவோரும் சிறு விவசாயிகளும் வாழ்ந்த வறிய மாகாணம். கடும் உடலுழைப்பாளராகிய அவ்வாண்களின் இருதய நோய் மரணமோ உலகில் மிக உயர்ந்த நிலையில் இருந்தது. உடலுழைப்பாளியை இந்நோய் அணுகாது என்போர் இந்த ஒரு மாகாணத்தின் வரலாற்றைப் படித்தாற் போதும். 1971இல் அம்மக்களின் பிரதிநிதிகள் அரசிடம் மனுச் செய்தனர். 1972இல் பெக்கா புஸ்கா என்னும் இளம் வைத்தியரின் தலைமையிற் செயற்றிட்டம் தொடங்கிற்று. தாதியர் குருதியமுக்கத்தை அளந்து பதிவேடு வைத்தனர். அத்தோடு நில்லாது, மார்த்தா என்னும் மகளிர் அமைப்பு வீடுகளில் சமையலை மாற்றியது. பாற்பண்ணைகளும் இறைச்சி உற்பத்தியாளரும் தம் பண்டங்களின் கொழுப்பைக் குறைத்தனர். நாற்பது ஆண்டுகளில் உழைக்கும் வயது ஆண்களின் இருதய நோய் மரணம் நூற்றுக்கு எண்பது வீதத்துக்கு மேல் வீழ்ந்தது. நோயுற்ற தனிமனிதரை மட்டும் தேடுவதா, மக்கள் கூட்டம் முழுவதையும் நோயுறச் செய்யும் காரணங்களை மாற்றுவதா என்று ஜெவ்றி றோஸ் 1985இல் எழுப்பிய வினாவுக்கு, இரண்டையும் ஒருங்கே செய்யலாம் என்று வட கரேலியா முன்னரே விடை கூறத் தொடங்கியிருந்தது.

எமது பிராந்தியத்தின் நிலையை இறுதியாக நோக்குவாம். 52 நாடுகளில் நடைபெற்று 2004இல் வெளியான ‘இன்ரஹாட்’ ஆய்விலே இலங்கையும் இடம்பெற்றது. முதன்முறை மாரடைப்புற்றோரின் சராசரி வயது தென்னாசியாவில் 53 ஆகவும், ஏனைய நாடுகளில் ஏறத்தாழ 59 ஆகவும் இருந்தமை அதன் தரவுகளிலிருந்து 2007இல் எடுத்துக்காட்டப்பட்டது. புகைத்தல், கொழுப்பு, அமுக்கம், நீரிழிவு, வயிற்றுப் பருமன் போன்ற அதே காரணிகளே இங்கும் செயற்படுகின்றன. ஆனால் முந்தியே செயற்படுகின்றன. ஆறு ஆண்டு வேறுபாடு என்பது ஒரு குடும்பத்தின் பிள்ளைகள் படிப்பை முடிப்பதற்கும் இடையில் விடுவதற்கும் உள்ள வேறுபாடாகலாம்.

இலங்கை இவ்விடயத்தில் வெறுங்கையுடன் நிற்கும் நாடன்று. 1926இல் களுத்துறையில் முதற் சுகாதாரப் பிரிவு அமைக்கப்பட்ட காலந்தொட்டு, நோயாளி வரும்வரை காத்திராது வீட்டுக்குச் செல்லும் மரபு இங்கு உண்டு. குடும்பநல உத்தியோகத்தர் கர்ப்பிணித் தாயைப் பதிவேட்டிற் குறித்து, அவள் கிளினிக்குக்கு வராவிடின் படலையைத் திறந்துகொண்டு சென்று காண்கின்றார். தாய் சேய் மரணத்தை இந்நாடு குறைத்த வழிகளுள் அது முக்கியமானது. 2011இல் சுகாதார அமைச்சு ஆரோக்கிய வாழ்க்கைமுறை நிலையங்களைத் தொடங்கியபோது, 40 வயதுக்கு மேற்பட்டோருக்கும் பின்னர் 35 வயதுக்கு மேற்பட்டோருக்கும் நிறை, அமுக்கம், குருதிச் சீனி முதலியன இலவசமாகப் பரிசோதிக்கப்பட்டு, வருங்கால ஆபத்துக் கணிக்கப்பட்டு வருகின்றது. கருத்தளவில் இது பாராட்டத்தக்க முயற்சி. ஆனால் அந்நிலையங்களுக்கு வருவோரிற் பெரும்பான்மையினர் பெண்கள். முந்தி மாரடைப்புறும் ஆண்கள் அங்கு அருமையாகவே காணப்படுகின்றனர்.

காரணம் ஆண்களின் அசட்டை மட்டும் என்று கூறிவிடுதல் இலகு. நிலையங்கள் பெரும்பாலும் வாரநாட்களின் பகற்பொழுதிலே திறந்திருக்கின்றன. மேசன் ஒருவன் அன்று காலை அங்கு சென்றால் அன்றைய கூலி இல்லை. தோட்டத்துத் தொழிலாளி வேலைநேரத்தில் சென்றால் முழுப்பேர் அரைப்பேராகின்றது. நோவு ஏதும் இல்லாத உடம்பைக் காட்டுவதற்காக ஒருவன் அரைநாட் கூலியை இழப்பானா? அரச உத்தியோகத்தருக்கு இத்தடை இல்லை. வைற்ஹோலில் மேற்படியினருக்கு எவ்வாறு இருக்கவில்லையோ அவ்வாறே. வேலைத்தலங்களுக்குச் சென்று பரிசோதிக்கும் முயற்சிகளும் இடைக்கிடை இடம்பெற்றுள்ளன.

இங்கு பதிவேட்டின் தன்மையையும் கருதுதல் வேண்டும். நிலையமொன்றின் வருகைப் பதிவேட்டில் வந்தவரின் பெயர் இருக்கும். வராதவரின் பெயர் இராது. கர்ப்பிணித் தாய்மாரைப் பொறுத்தவரை வராதவரின் பெயரும் எம்மிடம் உண்டு. வளர்ந்த ஆணைப் பொறுத்தவரை அத்தகைய பட்டியல் நெடுங்காலம் இருந்ததில்லை. முதல்நிலைச் சிகிச்சையைச் சீரமைக்கும் பொருட்டு 2018ஐ ஒட்டித் தொடங்கிய திட்டத்தின் கீழ், ஒவ்வொரு பிரதேச வைத்தியசாலையும் தன் சுற்றுவட்டத்து மக்களைப் பெயர்வாரியாகப் பதிவு செய்யும் பணி ஆரம்பிக்கப்பட்டது. கிளின்கொறூக்கில் வைத்தியரின் அலுமாரியிலிருந்த பெயர்ப்பட்டியலுக்கு எமது நாட்டில் மிக அண்மித்து வருவது அதுவே.